கிராமத்து மனையில் தாமே நின்று வீடு கட்டும் தம்பதியருக்கு

வீட்டு வேலையை முழுவதுமாக ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடாமல், பொருள்களைத் தாங்களே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் சதுர அடிக் கணக்கில் மேஸ்திரியிடம் பேசி, கணவனும் மனைவியுமாக உடன் நின்று கட்டி முடிப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் பரவலாக உள்ள வழக்கம். நாங்கள் இருவரும் எங்கள் வீட்டை இப்படித்தான் கட்டினோம். பிறகு உறவினர் சிலர் வீடு கட்டியபோதும் உடன் இருந்தோம். இந்த வழியில் இறங்க நினைப்பவர்களிடம் முதலில் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. கட்டி முடித்தபின் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் வேலைகளுக்கே உங்கள் பணமும் கவனமும் முதலில் போக வேண்டும். தரை டைல்ஸையும் சுவர் வண்ணத்தையும் பத்து ஆண்டு கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். பத்திரத்தில் உள்ள வில்லங்கத்தையும், அஸ்திவாரத்துக்கு அடியில் உள்ள மண்ணையும், கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பியையும் அப்படி மாற்ற முடியாது.

பத்திரமும் எல்லைக்கல்லும்

மனை பிடித்திருக்கிறது என்பதற்காக முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மூலப்பத்திரம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரையிலான பத்திரத் தொடர்ச்சி, குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, நில அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடம், கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் நகல் ஆகியவற்றைத் திரட்டி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, அவருடைய கருத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான விவரங்கள் மட்டுமே இருக்கும். குடும்பத்துக்குள் வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினையோ, வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போடாமல் விடுபட்டதோ அதில் வராது. தாத்தா பெயரில் இருந்த நிலத்தைப் பேரன் விற்கிறார் என்றால் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அத்தைமாரும் உடன்பிறந்த பெண்களும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்துவிட்டது. 'எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்க மாட்டார்கள்' என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்கினால், நாளை நீதிமன்றப் படி ஏற வேண்டியவர்கள் நீங்கள்தான்.

அ-பதிவேட்டில் அந்தப் புல எண் நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு என்று எந்த வகையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஓடை, வாய்க்கால், ஏரி என்று நீர்நிலைப் புறம்போக்காகக் குறித்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். நத்தம் நிலம் குடியிருப்புக்கு உரியது. விவசாய நிலமாக இருந்தால் அதை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி பெற வேண்டியிருக்கும். நன்செய் நிலத்துக்கு இது எளிதாகக் கிடைக்காது. யாரோ பிரித்து விற்கும் மனைப்பிரிவில் வாங்குகிறீர்கள் என்றால் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத பழைய மனையாக இருந்தால், அதைப் பின்னர் முறைப்படுத்திய வரன்முறை உத்தரவு உள்ளதா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைகளுக்காகவே அந்த வரன்முறைத் திட்டம் வந்தது.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட், ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. கணக்குப் போட்டுப் பார்த்தபின், அரசு நில அளவையரை வைத்து அளந்து, கல் நட்டு, அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் நேரில் பார்க்கும்படி அதைச் செய்துகொள்ளுங்கள். பாதை விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். இன்று வண்டி போய்வருகிறது என்பது ஓர் உரிமை ஆகிவிடாது. பாதை இன்னொருவர் நிலத்தின் வழியாக வருகிறது என்றால் அந்தப் பாதை உரிமை அகலத்தோடு பத்திரத்தில் எழுதிப் பதிவாக வேண்டும். மனைவியின் பெயரில் வாங்கினால், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

வாங்குவதற்கு முன் ஊரில் உள்ள வயதான ஒருவரை அழைத்துப் போய், பெருமழையில் தண்ணீர் எங்கே நின்றது என்று கேளுங்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் என்றால் 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது என்ன ஆயிற்று என்றும், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் என்றால் 2023 டிசம்பர் மழையில் எதுவரை ஏறியது என்றும் கேட்டால் அவர்கள் சுவரைத் தொட்டே காட்டுவார்கள். உங்கள் தரைமட்டம் அந்த அடையாளத்துக்கு மேலே இருக்க வேண்டும். கிராமச் சாலைகள் ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்துகொண்டே வருவதால், இன்றைய சாலையிலிருந்து இரண்டரை அடிக்குக் குறையாமல், வீட்டுத் தரை அமையும் பேஸ்மட்டத்தை உயர்த்துங்கள்.

வரைபடம், அனுமதி, கால அட்டவணை

இதற்கென ஒரு பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் செலவாக நினைக்க வேண்டாம். தரைத்தள வரைபடத்தோடு, அஸ்திவாரம், பீம், தளம் ஆகியவற்றில் எந்த அளவுக் கம்பி எத்தனை அங்குல இடைவெளியில் வர வேண்டும் என்ற கம்பி வரைபடத்தையும் அவரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். கம்பி வரைபடம் இல்லாத வீட்டில் மேஸ்திரியின் பழக்கமே கணக்காகிவிடுகிறது. வாஸ்து பார்ப்பதாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே பார்த்து முடித்துவிடுங்கள். கதவு, ஜன்னல்களுக்கு மேல் கான்கிரீட் வரும் லிண்டல் மட்டம் வந்தபின் வாசலை மாற்றச் சொல்லும் ஆலோசனையை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

நம் ஊர் வெயில் மேற்குச் சுவரில்தான் மாலை முழுக்க அடிக்கிறது. அந்தப் பக்கம் குளியலறை, மாடிப்படி, சாமான் அறை ஆகியவற்றை வைத்து, படுக்கையறையை அங்கே வைக்காமல் தவிர்த்தால் இரவில் வித்தியாசம் தெரியும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல், இரண்டடிக்குக் குறையாத சன்ஷேடு, முன்பக்கம் ஒரு திண்ணை ஆகியவை அதிகச் செலவில்லாமல் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும். கணவனும் மனைவியும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளைக் கோடு போட்டு, சமையலறையில் நின்று திரும்பிப் பார்த்து, கட்டில் போடும் இடத்தைப் படுத்தே அளந்து பார்க்கலாம். தாளில் பெரிதாகத் தெரிந்த அறை தரையில் எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் புரியும். சுண்ணாம்புக் கோட்டை அழித்துப் போடுவதற்குச் செலவே இல்லை.

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் ஊராட்சிப் பகுதிகளுக்கும் பொருந்தும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலை முதல், விதிப்படியே கட்டுகிறோம் என்று நாமே உறுதியளிக்கும் சுயசான்று முறையில் இணையவழியாகவே அனுமதி பெறலாம். ஐந்து சென்ட் மனை என்பது 2,178 சதுர அடி என்பதால் பெரும்பாலான கிராமத்து வீடுகள் இதற்குள் அடங்கிவிடும். 'கிராமத்தில் யார் கேட்கப் போகிறார்கள்' என்று அனுமதியில்லாமல் தொடங்கினால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம்.

பொங்கல் முடிந்து தை, மாசியில் அஸ்திவாரம் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரும் ஐப்பசிக்குள் கூரைத் தளம் போட்டு முடிப்பது நல்ல அட்டவணை. வேலை தொடங்கும் முன் தண்ணீருக்கு வழி செய்துகொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு முறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. வாயில் வைக்க முடியாத உப்புநீரில் கலக்கும் கான்கிரீட் உள்ளே இருக்கும் கம்பியை அரித்துவிடும். மின்சாரத்துக்கு தற்காலிக இணைப்பு வாங்குங்கள். பக்கத்துத் தோட்டத்து இலவச விவசாய இணைப்பிலிருந்து ஒயர் இழுப்பது சட்டப்படி குற்றம். ஈரத்தில் நின்று வேலை செய்பவர்களின் உயிருக்கும் ஆபத்து. வேலை தொடங்கும் முன்பே ஒரு கழிப்பறையைக் கட்டிவிடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சித்தாள் வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாள் முழுக்க அவர்கள் ஒதுங்க இடமில்லாமல் ஒரு வீடு எழும்பக் கூடாது. அதே கழிப்பறை பின்னால் வெளிப்புறக் கழிப்பறையாகப் பயன்படும். அதன் உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து குறைந்தது 60 அடி தள்ளி இருக்கட்டும்.

மேஸ்திரியோடு ஒப்பந்தம்

வாய்ப்பேச்சில் விட வேண்டாம். சதுர அடிக்கு எவ்வளவு கூலி, அந்தக் கூலிக்குள் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கப் பலகையும் முட்டும் அடித்தல்), கம்பி கட்டுதல், சன்ஷேடு, கழிவுநீர்த் தொட்டி, மாடிக் கைப்பிடிச் சுவர் ஆகியவை அடங்குமா என்பதையெல்லாம் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு, தரை என்று கட்டங்களாகப் பிரித்து, முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுப்பதாக இருக்கட்டும். வேலையைவிடப் பணம் முன்னால் ஓடினால் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வங்கிக் கடனும் கட்டம் கட்டமாகவே வரும் என்பதால், அஸ்திவாரத்துக்கான பணம் உங்கள் கையில் இருக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு மேல் ஆறில் ஒரு பங்காவது தனியாக ஒதுக்கி வையுங்கள். தினசரிச் செலவை இருவரில் ஒருவர் ஒரே நோட்டில் எழுதிவருவதும், சிமென்ட் மூட்டை வந்ததும் போனதும் அதிலேயே பதிவாவதும் முக்கியம்.

அஸ்திவாரம்

ஐந்தாறு அடிக்கு ஒரு சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். கெட்டியான செம்மண்ணோ சரளையோ வந்தால், ஒரு தள வீட்டுக்குக் கருங்கல் அஸ்திவாரமும் அதன்மேல் சுற்றிவரும் கான்கிரீட் பிளிந்த் பீமும் போதும். எல்லா இடத்திலும் தூண் எழுப்பித்தான் ஆக வேண்டும் என்ற இன்றைய எண்ணம் தேவையில்லாத செலவு. கோவில்பட்டி, சாத்தூர், உடுமலைப் பக்கத்துக் கரிசல் மண் என்றால் கதை வேறு. மழையில் உப்பி, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும் அந்த மண்ணில் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் விரிசல் விடுவது நிச்சயம். அங்கே எவ்வளவு ஆழம், எந்த வகை அஸ்திவாரம் என்பதைப் பொறியாளரே முடிவு செய்ய வேண்டும்.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டக் கயிறு பிடிக்கும்போது மூலைகள் நேராக இருக்கின்றனவா என்று நீங்களே சரிபார்க்கலாம். மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 9 அடியும் மறு கயிற்றில் 12 அடியும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 15 அடி வருகிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இங்கே விடும் ஒரு அங்குலப் பிழை தரையில் டைல்ஸ் ஒட்டும் நாள்வரை தொடரும். பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்பும்போது அரையடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். முழுவதையும் ஒரே நாளில் கொட்டி மூடினால் பின்னால் தரை இறங்கும். கரையான் மருந்து அடிப்பதும் தரை மூடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை.

சுவர்

செங்கல்லைச் சூளைக்கே போய்ப் பாருங்கள். இரண்டு கற்களை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். இடுப்புயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையக் கூடாது. ஒரு நாள் முழுக்க நீரில் ஊறியபின் அதன் எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது. கட்டும் முன் கல்லை நனைக்காவிட்டால் கலவையில் உள்ள தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். செலவைக் குறைக்க விரும்புபவர்கள் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டையும் (செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை), ஆரோவில்லில் பயன்படுத்தும், ஐந்து சதவீத அளவில் சிமென்ட் சேர்த்து அழுத்திச் செய்யும் சுடாத மண்கல்லையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். எலிப்பொறிக் கட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். ஆனால் அதைக் கட்டிப் பழகிய கொத்தனார் கிடைத்தால் மட்டும் அதில் இறங்குங்கள். லிண்டல் மட்டத்தில் ஜன்னல்களுக்கு மேல் மட்டும் கான்கிரீட் போடாமல், எல்லாச் சுவர்களையும் சுற்றிவரும் பெல்ட்டாகப் போட்டுவிடுவது நல்லது.

தளம் போடும் நாள்

மொத்த வேலையிலும் கணவன் மனைவி இருவரும் கட்டாயம் இருக்க வேண்டிய நாள் இதுதான். முதல் நாள் மாலையே பொறியாளரை வரவழைத்து, கம்பி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகச் சரிபார்த்து, அவர் சரி என்று சொன்னபின்பே கான்கிரீட்டுக்கு ஆள் சொல்லுங்கள். கம்பிக்கு அடியில் அதைப் பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் முக்கால் அங்குலக் கவர் பிளாக் இருக்க வேண்டும். கல் சில்லுகளை வைக்க அனுமதிக்காதீர்கள். பலகைகளின் இடுக்குகள் அடைபட்டிருக்க வேண்டும். ஃபேன் பெட்டியும் மின்குழாயும் உரிய இடத்தில் இருக்க வேண்டும். சன்ஷேடு, பால்கனி போல வெளியே நீட்டி நிற்கும் பகுதிகளில் முக்கியக் கம்பி மேல்புறம் இருக்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். அங்கே கம்பி கீழே போனால் அந்தப் பகுதி பின்னால் தொங்கும் அல்லது உடைந்து விழும்.

காலையில் இருவரும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நான் கீழே கலவை இயந்திரத்தின் அருகிலும், என் மனைவி மேலே கம்பிப் பரப்பின் மீதும் நின்றோம். கீழே நிற்பவர் கவனிக்க வேண்டியது அளவும் தண்ணீரும். தளத்துக்குப் போடும் எம்20 என்ற வலிமைத் தரக் கலவைக்கு ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் அங்குல ஜல்லி. இதைச் சட்டிக் கணக்கில் விடாமல் 1.25 கன அடி கொள்ளும் பெட்டி செய்து அளந்து போடுங்கள்; ஒரு மூட்டை சிமென்ட்டின் கொள்ளளவு ஏறத்தாழ அதுவே. தண்ணீர் ஒரு மூட்டைக்கு 25 முதல் 30 லிட்டருக்குள் நிற்க வேண்டும். மணல் ஈரமாக இருந்தால் அதற்கேற்பக் குறையும். நேரம் ஆக ஆக, கலவை எளிதாக ஓட வேண்டும் என்பதற்காக வாளியோடு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார்கள். அந்த ஒரு வாளி தளத்தின் வலிமையைக் குறைத்துவிடும் என்று பொறுமையாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

மேலே நிற்பவர் கவனிக்க வேண்டியது ஆட்களின் கால்கள். தலையில் சட்டியோடு வருபவர்கள் மிதித்து மிதித்து, பீமுக்கு அருகில் மேலே இருக்க வேண்டிய கம்பி பலகையோடு ஒட்டிவிடும். என் மனைவி ஒரு சிறிய இரும்புக் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, கான்கிரீட் வந்து விழுவதற்குச் சற்று முன்பாகத் தாழ்ந்த கம்பியை இழுத்து உயர்த்தி, அடியில் அதைத் தாங்கும் நாற்காலிக் கம்பியைச் சரிசெய்துகொண்டே போனாள். நடப்பதற்குப் பலகை போடச் செய்தபின் அந்த வேலை பாதியாகக் குறைந்தது. கான்கிரீட்டை அதிரவைத்துக் கெட்டிப்படுத்தும் வைப்ரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். நடுவில் ஒன்று பழுதானால் வேலை நிற்கக் கூடாது. 1,000 சதுர அடித் தளம் 5 அங்குலக் கனத்தில் சுமார் 417 கன அடி வரும், அதற்கு ஏறத்தாழ 95 மூட்டை சிமென்ட் தேவைப்படும் என்பதால், காலி மூட்டைகளை எண்ணிப் பார்த்தாலே கலவை சரியாகப் போனதா என்று மாலையில் தெரிந்துவிடும்.

மறுநாள் காலையே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) வகைச் சிமென்ட் என்றால் 14 நாள் ஒரு வேளைகூடக் காய விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கென்று பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதனாலேயே பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். வேலை நடக்காத நாள்களில் தண்ணீர் ஊற்ற மேஸ்திரி வர மாட்டார் என்பதால், காலையும் மாலையும் நீங்கள்தான் போக வேண்டும். பலகையைப் பிரிக்க அவசரம் வேண்டாம். தாங்கும் சுவர்களுக்கு இடையே 15 அடிக்குள் உள்ள தளத்தின் முட்டுகள் குறைந்தது 7 நாளும், அதற்கு மேற்பட்டவை 14 நாளும், 20 அடிக்கு மேற்பட்ட பீமின் முட்டுகள் 21 நாளும் நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. வாடகைப் பலகை என்பதால் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக அவர்கள் துடிப்பார்கள். தேவையென்றால் சில நாள் வாடகையை நீங்களே கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள்.

பூச்சும் மொட்டை மாடியும்

சுவர் பூசுவதற்கு முன் மின்குழாய், தண்ணீர்க் குழாய் போன இடங்களை ஒவ்வொரு சுவராகக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். அளவு நாடாவைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் பிடித்து எடுத்தால், பின்னால் ஆணி அடிக்கும்போதும் கசிவு தேடும்போதும் அந்தப் படமே வழிகாட்டும். குளியலறைக் குழாய்களில் அழுத்தம் கொடுத்து ஒரு நாள் வைத்திருந்து கசிவு இல்லை என்று உறுதிசெய்தபின் பூசுங்கள்.

மொட்டை மாடியில் தண்ணீர் வடியச் சரிவு கொடுத்து, மேலே வெள்ளை நிறக் குளிர்ச்சி டைல்ஸ் ஒட்டினால் கோடையில் அறைக்குள் வெப்பம் குறையும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், அதைக் கட்டாயத்துக்காகச் செய்ய வேண்டாம். ஆண்டுக்கு 90 சென்டிமீட்டர் மழை பெய்யும் ஊரில் 1,000 சதுர அடி மாடியில் விழும் நீர் 80,000 லிட்டரைத் தாண்டும். அதை வடிகட்டித் தொட்டியிலும் கிணற்றிலும் விடுவதற்கான குழாய்களை இப்போதே பதித்துவிடலாம்.

மேஸ்திரிக்கான கடைசித் தவணையாகப் பத்து சதவீதத்தை நிறுத்தி வைத்து, மாடியில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்தபின் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். குடிபுகுந்தவுடன் தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றவும், ஊராட்சியில் வீட்டு வரி விதிக்கவும் மனு கொடுங்கள். பத்திரம், அனுமதி, கம்பி வரைபடம், சுவர்ப் படங்கள் ஆகிய எல்லாவற்றிலும் ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்தில் வைத்திருங்கள்.